பழைய வரி ஆவணம் எடுத்துத் தரக் காசு கேட்கும் ஆட்களிடம் ஜாக்கிரதை (டர்பன்)

டர்பன், ஜொகன்னஸ்பர்க் பக்கம் சொந்தத் தொழில் செய்துகொண்டு வீடு வாங்கப் பார்க்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸில் இருக்கும் உங்கள் பழைய வரி ஆவணங்கள் உங்களுக்கு இலவசம். ஐடிஏ34 (வரி மதிப்பீட்டு அறிவிப்பு) எடுத்துத் தருகிறேன், வருஷத்துக்கு இவ்வளவு கொடு என்று யாராவது கேட்டால் ஒரு ரேண்ட் கூடக் கொடுக்காதீர்கள், அந்த ஆளிடம் உங்கள் ஈஃபைலிங் (சார்ஸின் இணையவழி வரித் தாக்கல்) கணக்கு இருந்தால் அதை முதலில் பிடுங்குங்கள். இந்த விஷயத்தில் எங்கள் கைக்கு வந்த வீடு போய்விட்டது.

நானும் மனைவியும் கல்யாணம், காவடி விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறோம். கம்பெனி எதுவும் பதிவு செய்யவில்லை, என் பெயரிலேயே தொழில். சம்பளக்காரர் என்றால் மூன்று மாத பே ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கொடுத்து பாண்டுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, விண்ணப்பித்துவிடலாம். எங்களிடம் வங்கி கடைசி இரண்டு வருஷத்து ஐடிஏ34, கணக்காளர் போட்ட லாப நஷ்டக் கணக்கு, ஆறு மாத ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, வாங்குகிறவரால் கட்ட முடியுமா என்று பார்க்காமல் அவர்கள் கடன் கொடுக்கவே கூடாது. ஐடிஏ34 என்பது நீங்கள் கணக்குத் தாக்கல் செய்த பிறகு சார்ஸ் அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பு, அந்த வருஷம் உங்கள் வரிக்குரிய வருமானம் எவ்வளவு என்று அதில் இருக்கும். தொழில் செய்கிறவருக்கு வங்கியில் அதுதான் பே ஸ்லிப் மாதிரி.

எங்கள் வரிக்கணக்கைப் பல வருஷமாகப் பார்த்தவர் நம் ஊர்க்காரர், கோயிலில் பழக்கம், எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சாட்ஸ்வர்த்தில் சில்வர்கிளென் பக்கம் ஒரு வீடு அமைந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அவரிடம்தான் போனேன். "தம்பி, பழைய ரெக்கார்டு எல்லாம் சார்ஸ்ல சும்மா குடுக்க மாட்டாங்க, உள்ள ஆள் வெச்சுத்தான் எடுக்கணும், வருஷத்துக்கு 1,500 ஆகும்" என்றார். இரண்டு வருஷத்துக்கு 3,000 ரேண்ட் கொடுத்தோம். அப்புறம் இன்று நாளை என்று இழுத்தார், போன் எடுப்பதில்லை, எடுத்தால் சிஸ்டம் டவுன், லோட் ஷெடிங் (மின்வெட்டு) என்பார். இங்கே வீட்டு ஒப்பந்தத்தில் இத்தனை நாளுக்குள் பாண்ட் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு நிபந்தனை வழக்கமாக இருக்கும், எங்களுக்கு அது 30 நாள். அந்த நாள் ஓடிக்கொண்டே இருந்தது.

பாண்ட் விண்ணப்பத்தைக் கவனித்த பெண்மணிதான் கண்ணைத் திறந்துவிட்டார். (நமக்காக வங்கிகளில் விண்ணப்பம் போடும் இந்த பாண்ட் ஒரிஜினேட்டர்களுக்கு வங்கிதான் கமிஷன் கொடுக்கிறது, நம்மிடம் வாங்குவதில்லை, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.) "இதற்கா காசு கொடுத்தீர்கள், ஈஃபைலிங்கில் நுழைந்தால் நீங்களே டவுன்லோட் செய்யலாமே" என்றார். சரி என்று உட்கார்ந்து பார்த்தால், என் பெயரில் இருக்கிற கணக்குக்கு ஓடிபி அண்ணன் போனுக்குப் போகிறது! ஈமெயிலும் அவருடையது. ஆரம்பத்தில் என்னிடம் ஐடி நகலை வாங்கிப் பதிவு செய்தபோதே அப்படிப் போட்டிருக்கிறார். முறையாகத் தொழில் செய்கிற டாக்ஸ் ப்ராக்டிஷனர் தன் கணக்கிலிருந்து உங்கள் அனுமதி கேட்டு உங்களை வாடிக்கையாளராகச் சேர்த்துக்கொள்வார், உங்கள் லாகின் உங்களிடமே இருக்கும். அவர் போன் நம்பரை உங்கள் நம்பராகப் போடுவதற்கு நல்ல காரணம் எதுவுமே கிடையாது.

கேட்டதற்கு, "அதெல்லாம் மாத்தினா பழசு அழிஞ்சிரும் தம்பி" என்று பயமுறுத்தினார். அப்படி எதுவும் அழியாது. சார்ஸ் அலுவலகத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்துத்தான் போக வேண்டும், அவர்கள் இணையதளத்தில் பதிவு செய்யலாம், 0800 00 7277க்கும் கூப்பிடலாம். ஐடி, முகவரிச் சான்று கொண்டுபோனேன், போன் நம்பரும் ஈமெயிலும் என்னுடையதாக மாறியது, என் ஐடிஏ34 இரண்டும் கைக்கு வந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. அங்கே இருந்த அம்மாள் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு நன்றி.

அதோடு முடிந்திருந்தால் 3,000 ரேண்ட் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஐடிஏ34ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் கொடுத்த கணக்கில் இருந்த வருமானத்தில் பாதி கூட அதில் இல்லை. இல்லாத வண்டிச் செலவு, வீட்டில் ஆபீஸ் என்று ஒரு செலவு, நாங்கள் வேலைக்கு வைக்காத ஆட்களுக்குச் சம்பளம், இப்படி எழுதி வருமானத்தைக் குறைத்து, நான் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் முன்கூட்டிக் கட்டிய வரியில் ஒரு பகுதியை ரீஃபண்டாக வரவழைத்திருக்கிறார். அந்த ரீஃபண்டில் 20 சதவீதம் அவர் கமிஷன். வருஷா வருஷம் ரீஃபண்ட் வாங்கித் தருகிறார் என்று ஊரே அவரைப் புகழ்வது இப்படித்தான். நமக்கு வருகிற அந்தப் பணம் வங்கி பார்க்கும் வருமானத்திலிருந்து வெட்டி எடுத்தது, நாளைக்கு சார்ஸ் ஆடிட் என்று வந்தால் வரி, வட்டி, அபராதம் மூன்றும் நம் தலையில்தான் விழும், எழுதியவர் தலையில் விழாது.

வருமானம் போதாது என்று வங்கி சொன்னதை அவரிடம் சொன்னேன். அதற்கும் வழி வைத்திருந்தார். இன்னொரு 4,000 கொடுத்தால் ஐடிஏ34 பிடிஎஃப்பில் எண்ணை மாற்றித் தருகிறாராம், எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாராம். தயவு செய்து இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், போலி ஆவணம் கொடுத்த மோசடி வழக்கு வருவதும் உங்கள் மேல். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். 30 நாள் முடிந்தது, அந்த வீட்டை வேறு ஒருவர் வாங்கிவிட்டார். என் மனைவி அந்த வீட்டுச் சமையலறையில் பெரிய அடுப்பு எங்கே வைப்பது என்று அளந்துகூட வைத்திருந்தாள்.

அப்புறம் விசாரித்ததில் அவர் சார்ஸில் பதிவே செய்யாதவர். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு வரித் தாக்கல் செய்கிறவர் சைக்கா, சைபா, சைட் போன்ற கணக்காளர், வரி ஆலோசகர் அமைப்புகளில் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், சார்ஸிலும் பதிய வேண்டும், பதியாமல் செய்வது வரி நிர்வாகச் சட்டப்படி குற்றம். பதிந்தவருக்கு பிஆர் என்று தொடங்கும் எண் இருக்கும், அது உண்மையா என்று சார்ஸ் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அந்த எண்ணைக் கேளுங்கள், கேட்டால் கோபப்படுகிறவரிடம் கணக்கைக் கொடுக்க வேண்டாம்.

வீடு பார்க்க இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும் இப்போதே ஈஃபைலிங்கில் நுழைந்து போன் நம்பர், ஈமெயில், ரீஃபண்ட் வரும் வங்கிக் கணக்கு மூன்றும் உங்களுடையதா என்று பாருங்கள். ஐடிஏ34ஐ இறக்கி, நீங்கள் கொடுத்த கணக்கோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள், ரசீதுகளை ஐந்து வருஷமாவது பத்திரமாக வையுங்கள். தப்பு இருந்தால் சார்ஸ் கண்டுபிடிக்கும் முன் நாமே திருத்தக் கோரிக்கை போடலாம். பதிந்த ஒருவரை வைத்து நாங்கள் போட்டிருக்கிறோம், சரியான வருமானத்துக்குரிய வரியையும் வட்டியையும் கட்டிய பிறகு புது அறிவிப்போடு வரச் சொல்லியிருக்கிறது வங்கி. அந்த ஆள் மேல் சார்ஸில் புகார் கொடுத்தாகிவிட்டது, அவரிடம் கணக்குக் கொடுத்த மற்றவர்களும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஓடிபி வந்தால் சொல்லு என்று அவர் இன்னும் சிலருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி, சொல்லாதீர்கள்.