பிளெண்டர்: குரோம் விண்கலம் வடிவமைக்க எந்த அளவுக்கு உதவும்?

1980களின் குடும்ப அறிவியல் புனைகதைப் படங்களை நினைவூட்டும், இணைப்பே தெரியாத பளபள குரோம் (கண்ணாடிபோல் மின்னும் உலோகப் பூச்சு) விண்கலத்துக்கு, முப்பரிமாண உருவங்களைச் செய்யும் இந்த இலவச மென்பொருள் அருமையான தேர்வு.

முதலில் நிழலுருவம். கலத்தை முழுக் கறுப்பாக்கி, திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒரு குழந்தையால் அதை நினைவிலிருந்து வரைய முடியாதென்றால் வடிவத்தை மாற்றுங்கள். பாதி உடலை மட்டும் செய்து மிரர் மாடிஃபயர் (கண்ணாடிப் பிம்பம்போல் நகலெடுக்கும் வசதி) போட்டால் மறுபாதி தானே வரும். அதிலுள்ள கிளிப்பிங்கை (நடுக்கோட்டுப் புள்ளிகளை விலகாமல் பிடித்துவைக்கும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் நடு விளிம்புகள் நகர்ந்து பிளவு விழும். பரப்பை நுணுக்கமாகப் பிரித்து வழவழப்பாக்கும் சப்டிவிஷன் அளவு 2 போதும்.

அடுத்து மேற்பரப்பு: மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.05. குரோமுக்கென்று தனி நிறம் கிடையாது, சுற்றுப்புறம்தான் அதன் நிறம். எச்டிஆர்ஐ வானம் (ஒளி விவரங்களோடு சுற்றுப்புறத்தைக் காட்டும் படம்) இல்லாமல் ரெண்டர் செய்தால், அதாவது இறுதிப் படமாக்கினால், சாம்பல் கட்டிதான் மிஞ்சும். வளைவான இடத்தில் 5 விளிம்புகள் ஒரே புள்ளியில் கூடினால் பிரதிபலிப்பு அங்கே கிள்ளியதுபோல் சுருங்கும். அந்தப் புள்ளிகளைத் தட்டையான அடிப்பகுதிக்குத் தள்ளுங்கள். வரிவரியான மேட்கேப் (வேலை செய்யும்போதே உருவத்தின் மேல் காட்டப்படும் தயார்நிலை ஒளித் தோற்றம்) போட்டால் இந்தக் குறை ரெண்டருக்கு முன்பே கண்ணில் படும். இதில் மிகப் பிடித்த வசதி அதுதான்!

ரெண்டர் செய்ய இதில் ஈவீ, சைக்கிள்ஸ் என்ற இரு முறைகள் உண்டு. ஈவீ வேகமானது, ஆனால் திரைக்கு வெளியே இருப்பதைச் சரியாகப் பிரதிபலிக்காது. இறுதிக் காட்சிக்கு சைக்கிள்ஸ்தான். துல்லியமான நர்ப்ஸ் பரப்பு (கணிதச் சூத்திரத்தால் வரையறுக்கப்படும் வளைபரப்பு) வேண்டுவோருக்கு மட்டும் பிளெண்டர் போதாது.