2000 லூமென், எத்தனை நிமிஷத்துக்கு?

டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லூமென்?" என்றுதான். டார்ச் வெளியே விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. பல வருஷமாக ராத்திரியில் தோப்புக்குள் டார்ச்சோடு நடந்து பழகியதில், எனக்கு அந்தக் கேள்வி மேல் ஆர்வம் போய்விட்டது. பத்து நிமிஷம் எரிந்த பிறகு கையில் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சுகிறது என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் நடுவில் நிற்பது சூடு.

என்னிடம் இப்போது புழங்குபவை மூன்று. ஒன்று கான்வாய் எஸ்2 பிளஸ், இன்னொன்று சோஃபிர்ன் எஸ்சி31 ப்ரோ. இரண்டும் ஒற்றை 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி), ஒற்றை எல்ஈடி, கையடக்க அலுமினியக் குழாய்கள். மூன்றாவது, தலை பெருத்த, தூரத்துக்கு அடிக்கிற டார்ச். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ராத்திரியில் மோட்டார் போட வேண்டும், சொட்டுநீர்க் குழாயை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பன்றி புகுந்த சத்தம் கேட்டால் ஓட வேண்டும். ஆகவே இது மேஜை மேல் வைத்துச் செய்த சோதனை இல்லை.

பழைய குண்டு பல்பு டார்ச்சில் உடல் பெரிதாகச் சுட்டதில்லை. அந்த பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்ந்து முன்பக்கமே போய்விடும். எல்ஈடி அப்படியில்லை. அதன் ஒளியில் அகச்சிவப்பு அநேகமாக இருக்காது. சூடு முழுக்க சிப்புக்கு அடியில் தேங்கும். அங்கிருந்து எல்ஈடி உட்காரும் பலகை, பலகையிலிருந்து உடல், உடலிலிருந்து காற்று அல்லது உங்கள் உள்ளங்கை. இந்த வழியில் எங்காவது அடைப்பு இருந்தால் சிப் வெந்துபோகும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். எஸ்எஸ்டி40 போன்ற எல்ஈடி 2000 லூமென் தர, சுமாராக 20 வாட் தின்னும். வெள்ளை ஒளியில் ஒரு வாட்டுக்கு 300 லூமென் போல வரும், ஆக ஒளியாக வெளியே போவது 6, 7 வாட். மீதி 13 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதியைக் கையில் பிடித்திருப்பதற்குச் சமம். டார்ச்சும் பேட்டரியும் சேர்ந்து 120 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதன் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 110 ஜூல் போதும். 13 வாட்டில் ஒன்பது நொடிக்கு ஒரு டிகிரி. 30 டிகிரியில் ஆரம்பித்தால் மூன்று, நான்கு நிமிஷத்தில் 55. அதுவும் சூடு உடல் முழுக்கச் சமமாகப் பரவினால்தான். நிஜத்தில் தலைப்பகுதி அதற்கு ரொம்ப முன்னாலேயே சுட ஆரம்பித்துவிடும்.

சரி, உடல் எவ்வளவு சூட்டைக் காற்றில் விடும்? 12 சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் விட்டம் உள்ள குழாய். காற்று அசையாத இடத்தில், காற்றை விட 20 டிகிரி கூடுதலாக இருக்கும்போது, 2 வாட் சூடு வெளியேறினால் பெரிய விஷயம். 13 உள்ளே வருகிறது, 2 வெளியே போகிறது. இந்தக் குழாயை எந்த கம்பெனி செய்தாலும், உள்ளே எந்த எல்ஈடி வைத்தாலும், கோடைக்கால இரவில் காற்றில்லாமல் நின்றால் நிரந்தரமாகத் தாங்கும் வெளிச்சம் 400, 500 லூமென் பக்கம்தான். மீதியெல்லாம் கொஞ்ச நேரத்துக்குக் கடன் வாங்கியது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட வால்பாறைக்குப் போனால் கையிலேயே தெரியும். அதே டார்ச், அதே பேட்டரி. மார்கழிக் குளிரில் அங்கே உடலுக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் தாங்கும் வெளிச்சமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறும். இங்கேயே ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போதும் அப்படித்தான். சித்திரையில் இரண்டு நிமிஷத்தில் இறங்குகிற டார்ச், அந்தக் காற்றில் மங்கவே மாட்டேன் என்கும். கையில் பிடிப்பதும் உதவும். உள்ளங்கையில் ஓடும் ரத்தம் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. மேஜையில் நிமிர்த்தி வைத்த டார்ச் சீக்கிரம் மங்குவதற்குக் காரணம் இதுதான். இணையத்தில் வரும் ஒளி-நேர வரைபடங்களைப் பார்க்கும்போது, அதை எடுத்தவர் மின்விசிறி வைத்தாரா இல்லையா என்று தேடிப் பாருங்கள். குறிப்பிடாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

அட்டைப்பெட்டி எண் பொய்யா என்றால், பெரிய கம்பெனிகளைப் பொறுத்தவரை பொய் இல்லை. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று 2009இல் வந்த ஒரு அளவுமுறை இருக்கிறது. அதன்படி லூமெனை அளப்பது டார்ச்சைப் போட்ட 30ஆவது நொடிக்கும் இரண்டாவது நிமிஷத்துக்கும் இடையில். எரியும் நேரத்தைக் கணக்கிடுவது, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆக "2000 லூமென், 3 மணி நேரம்" என்று போட்டிருந்தால், இரண்டு நிமிஷம் 2000, மீதி நேரம் 400 என்று எரிந்தாலும் அது விதிப்படி சரியே. எண் சரியாக இருக்கிறது, வாங்குகிறவர் மனதில் தோன்றும் படம்தான் தப்பு. தெருவோரத்திலும் ஆன்லைனிலும் "1,00,000 லூமென்" என்று விற்கும் ஒற்றை பேட்டரி டார்ச் எந்த விதிக்கும் கட்டுப்பட்டதில்லை. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நல்லவேளையாக நம் கண் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரிய வேண்டுமென்றால் லூமென் சுமார் நான்கு மடங்கு ஏற வேண்டும். அதனால் 2000 மெல்ல 1000 ஆனாலும் நடந்துகொண்டிருப்பவருக்குத் தெரியாது. திடீரென்று இறங்கினால்தான் திக்கென்று இருக்கும்.

அந்தத் திடீர் இறக்கம் டைமர் வைத்த டார்ச்சுகளில் வரும். மூன்று நிமிஷம் ஆனதும், குளிரோ வெயிலோ, படக்கென்று பாதிக்கு வந்துவிடும். மலையில் கை விறைக்கும் குளிரில் ஜில்லென்று இருக்கும் டார்ச் தானாக மங்கினால் எரிச்சலாகத்தான் இருக்கும். இன்னொரு வகை, சூட்டை அளந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆறினால் மறுபடி ஏற்றும். எஸ்சி31 ப்ரோவில் இருக்கும் ஆண்டுரில் மென்பொருள் இந்த ரகம். டாய்கீப்பர் என்ற பெயரில் இயங்கும் ஒருவர் எழுதி, மூலநிரலோடு இலவசமாக விட்டிருக்கும் மென்பொருள் இது. எல்லாச் செட்டிங்கும் ஒரே பட்டனில், எத்தனை தடவை அழுத்துகிறோம் என்பதை வைத்து.

ஆண்டுரில் டார்ச் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூட்டை அளக்கும் சென்சார் எல்ஈடியில் இல்லை. எல்ஈடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பலகையில் உள்ள குட்டிச் சிப்புக்குள் இருக்கிறது. அது சொல்லும் டிகிரி டார்ச்சுக்கு டார்ச் மாறும். அதனால் இப்போது என்ன சூடு என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் டார்ச் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும், ஆனால் அறை 21 டிகிரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு! ஐரோப்பாவில் அது சரி. மே மாசம் 33 டிகிரியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து ரீசெட் செய்தால், அன்றிலிருந்து அந்த டார்ச் எல்லாச் சூட்டையும் 12 டிகிரி குறைத்தே படிக்கும். 45இல் நிறுத்தச் சொன்னால் 57இல்தான் நிறுத்தும். தொட முடியாத சூடு அது. ரீசெட் முடிந்ததும் டார்ச்சைச் சும்மா ஒரு மணி நேரம் ஆறவிட்டு, சூடு செட்டிங்குக்குள் போய், அறை 33 என்றால் 33 தடவை அழுத்த வேண்டும். அடுத்த செட்டிங்கில் உச்ச வரம்பு: 30க்கு மேல் எத்தனை டிகிரி வேண்டுமோ அத்தனை அழுத்தம். நான் 20 அழுத்தி 50இல் வைத்திருக்கிறேன். 45 என்றால் நம் ஊர்க் கோடையில் டார்ச் எடுத்த எடுப்பிலேயே பம்ம ஆரம்பித்துவிடுகிறது. 55க்கு மேல் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. பல பவர் எல்ஈடி சிப்புகள் உள்ளுக்குள் 150 டிகிரி வரை தாங்கும், ஆனால் பக்கத்திலேயே இருக்கும் லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 60தான் எல்லை.

எஸ்2 பிளஸ் என்னிடம் இருப்பது பழைய ரகம், கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் 7135 சிப் எட்டு வைத்த டிரைவர், 2.8 ஆம்பியர். இது கூடுதல் வோல்ட்டை அப்படியே சூடாக எரித்துவிடும். முழு சார்ஜில் பேட்டரிக்கும் எல்ஈடிக்கும் நடுவே முக்கால் வோல்ட் வித்தியாசம் இருந்தாலே 2 வாட் வீண். பேட்டரி இறங்க இறங்க இந்த வீண் சூடு குறையும். ஆகவே பாதி சார்ஜில் அதே வெளிச்சத்தில் டார்ச் கம்மியாகச் சுடும். ஆரம்பத்தில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. பக் (வோல்ட்டைக் குறைப்பது), பூஸ்ட் (கூட்டுவது) டிரைவர்கள் வோல்ட்டை மாற்றிக் கொடுப்பதால் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

உள்ளே எல்ஈடி உட்காரும் பலகை நம் கண்ணில் படாது, ஆனால் விஷயமே அதில்தான். நல்ல டார்ச்சில் அது செம்பு. எல்ஈடியின் அடிப்பகுதி நேராகச் செம்பிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மலிவு டார்ச்சில் அலுமினியப் பலகை, நடுவே சூட்டைத் தடுக்கும் மெல்லிய பூச்சு, அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் பேருக்கு ஒரு பொட்டு. டவுனில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் சார்ஜ் லைட்டில் அதுவும் கிடையாது, சூடு போக வழியே இல்லை. ஒரு வருஷத்தில் வெளிச்சம் நீலம் பாய்ந்து பாதியாகிவிட்டது. வெளிச்சம் நீலமாக மாறினால் எல்ஈடி வேகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

செம்பு உடல் டார்ச் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலர் நினைப்பது போல அது அதிக வெளிச்சத்தைத் தாங்காது. அதே பரிமாணத்தில் அலுமினியத்தை விட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் சூட்டை உள்வாங்கும், அதாவது இறக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். வெளிப்பரப்பு அதேதானே, கடைசியில் நிற்கும் வெளிச்சமும் அதேதான். பளபளப்பான செம்பை விட கறுப்பு ஆனோடைஸ் செய்த அலுமினியம் சூட்டை நன்றாகக் கதிர்வீசும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் இன்னும் மோசம், சூட்டைக் கடத்தவே கடத்தாது, சட்டைப்பை நகை.

மூன்றாவது டார்ச்சைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 700 லூமென்தான். ஆனால் சின்ன எல்ஈடி, ஆழமான பெரிய ரிஃப்ளெக்டர், தலையில் துடுப்புத் துடுப்பாக வெட்டிய உலோகம். தோப்பின் அந்தக் கடைசியில் வேலியோரம் கண் மின்னுவது நாயா பன்றியா என்று 2000 லூமென் அகல வெளிச்சம் காட்டாததை இது காட்டும், சூடும் ஏறாது. தூரம்தான் உங்கள் தேவை என்றால் பெட்டியில் லூமெனை விட்டுவிட்டு, ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்று சொல்லும் கேண்டெலாவைப் பாருங்கள்.

பைக் பெட்டியிலோ இடுப்பிலோ போடும்போது பட்டன் தவறி அழுந்தினாலும் எரியாமலிருக்க வால்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுவேன். டர்போவில், அதாவது உச்ச வெளிச்சத்தில், எரியும் டார்ச்சின் கண்ணாடி கறுப்புத் துணியில் ஒட்டியிருந்தால், அந்த 6 வாட் ஒளியும் அங்கேயே சூடாகித் துணி பொசுங்கும். மரையை அவ்வப்போது துடைத்துக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுவதும் உண்டு. தலையிலிருந்து பிடிக்குச் சூடு போவது அந்த மரை வழியாகத்தான், மண் அடைந்தால் தலை மட்டும் கொதிக்கும்.

மற்றபடி இரண்டு சின்ன டார்ச்சும் 300 லூமென் பக்கத்திலேயே வைத்து எரிகின்றன. நடக்க, குழாய் பார்க்க, மோட்டார் பெட்டியைத் திறக்க அது தாராளம். குறைந்த கரண்டில் எல்ஈடி ஒரு வாட்டுக்குக் கூடுதல் லூமென் தருவதால் பேட்டரியும் நிற்கிறது. அடுத்து வாங்கினால் 21700 பேட்டரி (18650ஐ விடக் கொஞ்சம் பெரியது), மூன்று எல்ஈடி, பூஸ்ட் டிரைவர் உள்ள ஒன்றை வாங்குவேன். மூன்று எல்ஈடி கேட்பது 6000 லூமெனுக்காக இல்லை, 800ஐ மூன்றாகப் பங்குபோட்டு எரிப்பதற்காக.