கரண்ட் எப்போ வரும்? மூன்று கருவிகளிடம் ஒரே கேள்வி

பேரிடர் முடிந்ததும் ஊர் கேட்பது இதைத்தான். மீட்புத் திட்டமிடலுக்கான சிமுலேஷன் கருவிகளில் இந்தோனேசியாவின் இனாசேஃப், அமெரிக்காவின் ஹேஸஸ், இன்-கோர் மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

பழகுவதற்கு எளிது இனாசேஃப். இந்தோனேசியப் பேரிடர் முகமை, ஆஸ்திரேலிய அரசு, உலக வங்கி சேர்ந்து உருவாக்கியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு ப்ளகின். வெள்ள வரைபடத்தையும் கட்டட வரைபடத்தையும் கொடுத்தால், 'இந்த வெள்ளம் வந்தால் எத்தனைக் கட்டடங்கள் பாதிக்கப்படும்?' என்று நாம் பேசுகிற மாதிரியே கணக்கை ஆரம்பிக்கும். இடம்பெயர்வோருக்கு வாரத்துக்கு ஆளுக்கு 2.8 கிலோ அரிசி வீதம் எவ்வளவு தேவை என்றும் சொல்லிவிடும். ஆனால் கரண்ட்? அதைப் பற்றி மூச்சு விடாது.

ஹேஸஸ் அதைச் சொல்லும். நிலநடுக்கத்துக்குப் பின் 1, 3, 7, 30, 90-ஆம் நாள்களில் துணைமின் நிலையங்கள் எத்தனை சதவீதம் இயங்கும் என்று அட்டவணையே போட்டுத் தரும். அளந்து எடுத்த எண்கள் போலத் தெரியும். ஆனால் நாள் போகப்போக எவ்வளவு மீளும் என்று காட்டும் அந்த மீட்பு வளைவுகளுக்கு அடிப்படை, கலிஃபோர்னியாவுக்காக 1985-இல் நிபுணர்களிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த அறிக்கை. வளைவை மாற்ற வழி உண்டு, தேடிப்பிடித்தால். போதாக்குறைக்கு, மென்பொருள் இலவசம் என்றாலும் அது ஓட ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வேண்டும். அதன் லைசென்ஸுக்குக் காசு.

இன்-கோர் புத்திசாலி. மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் குடிநீர் போகும் என்ற சங்கிலியையும் கணக்கில் எடுக்கும். 2011-இல் டொர்னாடோ என்ற சுழல்காற்று தாக்கிய அமெரிக்காவின் ஜாப்ளின் நகரத்தை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். சரி, திறந்து பார்த்தால்? கோட் எழுதி ஓட்டும் ஜுபிட்டர் நோட்புக், பைத்தான் மொழி. நகராட்சிப் பொறியாளர் அத்தோடு லேப்டாப்பை மூடிவிடுவார்.

புதிதாக ஒன்று செய்வதானால் நான் இனாசேஃபின் கேள்வியில்தான் ஆரம்பிப்பேன். அப்புறம் ஹேஸஸின் வளைவை, எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு முதல் திரையிலேயே வைப்பேன், மவுஸால் இழுத்து மாற்றும்படி. 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. அங்கே கரண்ட் வரும் நாளைத் தீர்மானித்தது, புதுக் கம்பம் எப்போது வந்து இறங்கும், நட ஆள் எத்தனை பேர் என்பதுதான். அது தெரிந்தவர் லைன்மேன். மவுஸை அவர் கையில் கொடுக்க வேண்டும்.