68,000 ரூபா போச்சு: ஜப்பான் ரெக்கோட் பிளேயர் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

முந்தாநாள் ராத்திரி கண்டியில இருந்து பஸ்ல ஹட்டனுக்கு வந்து இறங்கினேன். மடியில ரெக்கோட் பிளேயர், காலடியில செங்கல் பாரத்துக்கு ஒரு ட்ரான்ஸ்போமர். திருப்பிக் குடுக்கப் போனதை அப்படியே தூக்கிக்கிட்டு வந்தேன். 68,000 ரூபா. கோவம் இன்னும் ஆறல. ஆறுறதுக்கு முந்தி எழுதிடுறேன், இன்னொருத்தர் மாட்டக் கூடாது. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

எங்க அப்பா தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து ஃபெக்டரியில வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு. இளந்தாரியா இருந்தப்ப இலங்கை வானொலி வர்த்தக சேவையில கேட்ட பாட்டையெல்லாம் தேடித் தேடி இசைத்தட்டா வாங்கினவரு. முக்கால்வாசி நாய் படம் போட்ட, நிமிசத்துக்கு 45 தரம் சுத்துற சின்னத் தட்டு. 1983 கலவரத்துல பிளேயர் போயிடுச்சு. தட்டு இருந்த தகரப் பெட்டி மட்டும் பக்கத்து லயத்து வீட்டுல கட்டிலுக்கு அடியில தப்பிச்சது. 31 தட்டு. இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பூஞ்சணம் பிடிக்கும்னு வருசத்துக்கு ரெண்டு தரம் எடுத்துத் துடைச்சு, நிமிர்த்தி அடுக்கி வைப்பாரு. கேக்க முடியாத பாட்டை நாப்பது வருசமாத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. சீட்டுக் காசு கையில வந்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தப் பெட்டிதான்.

பழைய சாமான் விளம்பரம் போடுற ஒரு இணையத்தளத்துலதான் பார்த்தேன். "ஜப்பான் ரீகண்டிஷன், புதுசு மாதிரி, 68,000." கடை கண்டியில. நேர்ல போனப்ப ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, பிளேன்டீ குடுத்து, "அக்கா எந்தத் தோட்டம்? எங்க அம்மாவும் பதுளைப் பக்கம்தான்"னு ஆரம்பிச்சாரு. அப்பாவோட தகரப் பெட்டிக் கதையைச் சொன்னேன். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "அப்பாவுக்குன்னு வாங்குறீங்க, நான் பொய் சொல்லுவேனா அக்கா?"ன்னாரு. அங்கதான் விழுந்தேன். விலைகூடக் குறைச்சுக் கேக்கல. கேட்டா அந்த மனுசனை அவமதிச்ச மாதிரி இருக்குமோன்னு தோணுச்சு.

போட்டும் காட்டினாரு. ஏதோ வெள்ளைக்காரத் தட்டு, வெறும் வாத்தியம். அதுக்கு முந்தி நான் கேட்டதே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. அப்பாவோட தட்டு ஒண்ணு என் பையிலயே இருந்துச்சு; கீறல் விழுந்திடுமோன்னு பயந்து வெளிய எடுக்கல. அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. 68,000 ரூபாயை எண்ணிக் குடுத்தேன். அவர் குடுத்த பில் சீட்டை மடிச்சு வச்சேன், படிக்கல.

வீட்டுல அப்பா குளிச்சிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு. சுசீலாம்மா பாட்டு. ஊசி இறங்குச்சு, குரல் வந்துச்சு, ஆனா இழுத்து இழுத்து, ஆம்பிளைக் குரல் மாதிரி கனத்துப் போய். அப்பா ஒரு நிமிசம் கேட்டாரு. "இது அவங்க குரல் இல்லம்மா"ன்னாரு. எழுந்து உள்ள போயிட்டாரு.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள், "பழைய தட்டு அப்படித்தான் அக்கா கேக்கும்." அடுத்த நாள், "உங்க ஊர்ல கரண்ட் குறைவு." அதுக்கடுத்து, "குளிருக்கு பெல்ட் இறுகியிருக்கும், ரெண்டு நாள் ஓட விடுங்க." ஊசி குதிக்குதேன்னு சொன்னதுக்கு, "அஞ்சு ரூபாக் குத்திக் காசு ஒண்ணை ஊசித் தலைமேல வைங்க"ன்னாரு. நம்பி வச்சேன். அப்பாவோட தட்டுல ஒரு பாட்டு முழுக்க இப்ப கரகரன்னு கேக்குது. இந்த ஒண்ணை மட்டும் அந்த ஆளை மன்னிக்கவே மாட்டேன். அப்புறம் வட்ஸ்அப்ல ஒரு டிக்தான் விழுது, போன் எடுக்கிறதில்ல.

எங்க ஊர்ல ரேடியோ திருத்துற ஐயா ஒருத்தர்தான் விசயத்தைக் கண்டுபிடிச்சாரு. பிளேயரைக் கவிழ்த்து அடித்தகட்டைக் காட்டினாரு: 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ்ன்னா கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் முன்னும் பின்னுமா மாறுதுங்கிற கணக்கு. ஜப்பான்ல கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60 ஹெர்ட்ஸாம். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்டேஜை இறக்குமே தவிர ஹெர்ட்ஸை மாத்தாது. இந்த மாதிரி மோட்டர் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுத்தும். அப்ப ஆறு சுத்து சுத்த வேண்டிய இடத்துல அஞ்சுதான் சுத்தும். ஒரு பெரிய தட்டைப் போட்டு ஓரத்துல சின்னக் காகிதம் ஒட்டி எண்ணினோம். பெரிய தட்டு நிமிசத்துக்கு 33⅓ சுத்து, அப்படின்னா மூணு நிமிசத்துல 100 சுத்து வரணும். வந்தது 83. ஊசி குதிச்சதுக்குக் காரணம், ஊசியைத் தாங்குற கைக்குப் பின்னால இருக்கிற எடையைச் சரியா வைக்காததுதான். கை அந்தரத்துல மிதக்கிற வரைக்கும் திருப்பி, அதுக்கப்புறம் 2 கிராம் வச்சாரு. குதிக்கிறது நின்னுச்சு. இந்த ஊசிக்கு வேண்டியதே அவ்வளவு பாரம்தான், அந்த ஆள் குத்தியை ஏத்தச் சொல்லியிருக்கான்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கிட்டுத்தான் முந்தாநாள் கண்டிக்குப் போனேன். அதே ஸ்டூல் இருந்துச்சு, உக்காருன்னு சொல்லல. "வித்த சாமான் திருப்பி எடுக்கிறதில்ல. சீட்டைப் பாருங்க"ன்னாரு. பார்த்தேன். "பழைய சாமான் 1, ரூபா 68,000." ஜப்பானும் இல்ல, ரீகண்டிஷனும் இல்ல, கடை முத்திரையும் இல்ல. அக்கான்னுகூடக் கூப்பிடல. "மிஸ், கஸ்டமர்ஸ் நிக்கிறாங்க"ன்னாரு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியல. இதை மட்டும் பாருங்க. அடித்தகட்டைப் படிக்காமக் காசு குடுக்காதீங்க. நல்லாத் தெரிஞ்ச பாட்டுத் தட்டைக் கொண்டு போய்ப் போட்டுப் பாருங்க, கீறல் விழுந்தாலும் பரவாயில்ல. காகிதம் ஒட்டி எண்ணுங்க. சீட்டுல என்ன சாமான், எத்தனை நாள் கேரண்டின்னு எழுத வைங்க. ஊசித் தலையில காசு வைக்காதீங்க. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நம்பர் 1977, நாளைக்குக் காலையில நான் அடிக்கப் போறேன்.

மோட்டர்ல இருக்கிற புல்லியை, அதாவது பெல்ட் மாட்டுற சின்னச் சக்கரத்தை, மாத்தினா வேகம் சரியாகும்னு ஐயா சொல்றாரு. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கொஞ்சம் பெருசா இருக்குமாம். பழைய ஜப்பான் பிளேயர்ல இருந்து கழட்டினது யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, மொடல் நம்பர் அனுப்புறேன். அப்பா தட்டையெல்லாம் திரும்பப் பெட்டியில அடுக்கிட்டாரு.