12 அங்குலமா, 20 அங்குலமா: மங்கலான கேலக்ஸிகளைப் பார்க்க எது?

பெகாசஸ் விண்மீன் குழுவின் பகுதியில், என்ஜிசி 7331 (என்ஜிசி என்பது வானப்பொருள்களின் ஒரு பட்டியல்) என்ற கேலக்ஸிக்கு அரை பாகை தள்ளி, ‘ஸ்டெஃபான் ஐவர்’ (Stephan's Quintet) என்ற ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. ஐந்து கேலக்ஸிகள் நெருக்கியடித்து நிற்கும். 1877-இல் எதுவார் ஸ்டெஃபான் மார்சேயிலிருந்து கண்டுபிடித்தது. பெரிய தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் இந்தக் கொத்தை ஆடியின் விட்டம் 12 அங்குலம், 20 அங்குலம் என்ற இரண்டு அளவிலும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

நல்ல இருட்டில், 12 அங்குல டாப்சோனியனில் (எளிய மரத்தாங்கியில் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) 150 மடங்கு உருப்பெருக்கம் வைத்தால் முதலில் தெரிவது புகைபோல ஒரு திட்டு. நேராக முறைக்காமல் பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் அது மூன்று, நான்காகப் பிரியும். ஐந்தில் என்ஜிசி 7318ஏ, 7318பி இரண்டும் ஒட்டிக்கொண்டு நீளமான ஒரே துண்டாகத்தான் தெரியும். 7317 வரும், போகும். குழாயை லேசாகத் தட்டி ஆடவிட்டால் சட்டென்று பிடிபடும். 20 அங்குலத்தில் 250 மடங்கில் பார்த்தால் அந்த நீளத் துண்டுக்குள் இரண்டு மையங்கள் தனித்தனியாக நிற்கும். ஐந்தையும் எண்ணிவிடலாம்.

பரப்பளவில் பெரிய ஆடி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதாவது சுமார் 1.1 பொலிவெண் (வானப்பொருளின் வெளிச்ச அளவு; எண் கூடக் கூட மங்கல்) ஆழம் கூடுகிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 200 மடங்கில் ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) வெளிவரும் ஒளிக்கற்றை 12 அங்குலத்தில் 1.5 மி.மீ., 20 அங்குலத்தில் 2.5 மி.மீ. ஆகவே 20 அங்குலத்தில், 12 அங்குலம் தரும் வெளிச்சத்துக்குக் குறையாமலே இன்னும் பெரிதாக்க இடமிருக்கிறது. இருட்டில் நம் கண்ணுக்குச் சின்ன மங்கலைவிடப் பெரிய மங்கல்தான் எளிதில் தட்டுப்படும்.

சரி, அப்படியானால் 20-ஐயே வாங்கிவிடலாமே? வானம் விடாது. நகர ஓரத்து வானம் சதுர வில்விநாடிக்கு (வானத்தின் மிகச் சின்னச் சதுரத் துண்டு) 18.5 பொலிவெண் என்றும், நல்ல இருட்டு 21.5 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நகர ஓரத்தில் பின்னணி ஏறக்குறைய 16 மடங்கு வெளிச்சம்! பெரிய ஆடி கேலக்ஸியோடு சேர்த்து அந்த வெளிச்சத்தையும் அள்ளிக்கொண்டு வரும். நகரத்தில் 20 அங்குலம் காட்டாத எம்101 என்ற கேலக்ஸியின் சுருள் கரங்களை இருட்டில் 12 அங்குலம் காட்டிவிடும். குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் விடும் நெபுலா ஃபில்டர் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. கேலக்ஸியின் ஒளி பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருப்பது.

அப்புறம் உடல் உழைப்பு. 12 அங்குலத்தை ஒருவரே இரண்டு பாகமாகத் தூக்கிவைத்து, பனி விழுவதற்குள் பார்க்க ஆரம்பித்துவிடலாம். எஃப்/5 விகிதத்தில் (குவியத்தூரம் ஆடி விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) 20 அங்குலம் என்றால், உச்சிவானைப் பார்க்கும்போது ஐபீஸ் ஏழடிக்கு மேலே போய்விடும். இருட்டில் ஏணி ஏற வேண்டும். எஃப்/4 எடுத்தால் உயரம் குறையும், ஆனால் ஓரத்து நட்சத்திரங்கள் வால்போல இழுபடுவதைச் சரிசெய்யும் கோமா திருத்தி தேவை, ஆடிகளை ஒழுங்குபடுத்துவதிலும் பிசகக் கூடாது. கனமான ஆடி குளிரவும் நேரம் பிடிக்கும், மின்விசிறி இல்லாமல் ஆகாது.

ஆகவே, இருட்டைத் தேடி வண்டியில் போகிறவருக்கு 12 அங்குலம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இருட்டான இடத்திலேயே தொலைநோக்கியை நிறுத்திவைக்க வழி இருக்கிறவர் 20-க்குப் போகலாம். அவர் கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் என்ஜிசி 4889, 4874 இரண்டையும் நடுவில் வைத்து, தலையை ஒரு துணியால் மூடிக்கொண்டு பத்து நிமிடம் பொறுமையாகப் பார்க்கட்டும். முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால், அந்த இரண்டைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பஞ்சுத் துணுக்குகள் ஒவ்வொன்றாக எழுந்துவரும்.