ஸ்வார்ம்: செக்-இன் போடலாம், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காது

ஸ்வார்ம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்கிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓடுகிறது. 2024 டிசம்பர் 15-ல் மூடப்பட்டது, இதே ஃபோர்ஸ்கொயர் கம்பெனியின் இன்னொரு செயலி, எங்கே போகலாம் என்று இடங்களைச் சொல்லும் சிட்டி கைடு. போன இடத்தைப் பதிவு செய்யும், அதாவது செக்-இன் போடும் ஸ்வார்மை அந்தக் கம்பெனிக்காரர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு, காசு வேண்டாம். இரண்டும் முன்பு ஒரே செயலி, 2014-ல்தான் பிரித்தார்கள். புதிதாக இறக்குகிறவர்களுக்கு இது தெரிந்தால்தான் இதில் என்ன குறைகிறது என்று புரியும்.

வேலை ரொம்பச் சுலபம். கடைக்கோ கோயிலுக்கோ ரயில் நிலையத்துக்கோ போய்ச் சேர்ந்ததும் திறந்தால் பக்கத்திலுள்ள இடங்களை வரிசையாகக் காட்டும், நம்முடையதைத் தொட்டு, வேண்டுமானால் ஒரு வரி எழுதி ஒரு படமும் சேர்த்தால் முடிந்தது. நாணயம் விழும், நண்பர்களில் யாரிடம் அதிகம் என்று பட்டியல் வரும், ஓரிடத்துக்கு அடிக்கடி போகிறவருக்கு மேயர் பட்டம் கிடைக்கும். ரங்கநாதன் தெரு மாதிரி கடைமேல் கடையாக இருக்கும் இடத்தில் மட்டும் ஜிபிஎஸ்ஸை நம்பிப் பயனில்லை, பெயரைத் தட்டித் தேடிக்கொள்வது நல்லது.

நாட்குறிப்பாக இதற்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். "கும்பகோணத்தில் அன்றைக்குச் சாப்பிட்டோமே, அந்தக் கடை பேர் என்ன?" என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லும்போது தேடி எடுத்துக் காட்ட இதைவிட வசதியானது வேறில்லை. கூகுள் மேப்ஸின் டைம்லைன் தானாகவே எழுதிக்கொள்ளும் சங்கதி, கடையைத் தாண்டிப் போனாலும் உள்ளே போனதாக நினைத்துக்கொள்ளும். இங்கே நாம் போட்டால்தான் பதிவு, அதனால் இருப்பதெல்லாம் நாம் நினைவில் வைக்க விரும்பியவை மட்டும்.

ஆனால் இது நாட்குறிப்பாக இருப்பதற்காக உருவான சாமான் இல்லை. பின்னாளில் ஃபோர்ஸ்கொயரைத் தொடங்கிய டென்னிஸ் க்ரவுலி 2000-த்திலேயே டாட்ஜ்பால் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார், எந்த பாரில் இருக்கிறோம் என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் நண்பர்களுக்கெல்லாம் போய்ச் சேரும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்துவிடலாம். கூகுள் அதை 2005-ல் வாங்கி 2009-ல் மூடியது. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் நடக்கும் எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ என்ற இசை, சினிமா, தொழில்நுட்ப விழாவில் க்ரவுலியும் நவீன் செல்வதுரையும் ஃபோர்ஸ்கொயரை அறிமுகப்படுத்தினார்கள். (செல்வதுரை என்ற பெயரைப் பார்த்து அப்போது நம்மில் பலர் காரணமில்லாமல் பெருமைப்பட்டுக்கொண்டோம்.) மேயர் பைத்தியம் அப்படிப் பிடித்தது, கடந்த 60 நாட்களில் யார் அதிக நாள் வந்தார் என்று கணக்கு, டீக்கடை மேயர் பதவி போய்விட்டதே என்று ட்விட்டரில் புலம்பல். 2010 அக்டோபரில் டக் வீலாக் என்ற விண்வெளி வீரர் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்தே செக்-இன் போட்டார்.

எனக்குப் பட்டங்களைவிட டிப்ஸ்தான் பெரிது. பழைய ஃபோர்ஸ்கொயரில் ஓரிடத்தில் செக்-இன் போட்ட உடனே, முன்பு வந்துபோன யாரோ எழுதிவைத்த ஒரு சின்னக் குறிப்பு எட்டிப்பார்க்கும். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேவுக்கு இட்லியைவிட சாம்பாருக்காகத்தான் போகிறோம் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் அந்த நேரத்தில் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். டிப்ஸ் அந்த ஆளாக இருந்தது. கூகுள் விமர்சனத்தை நாம் வீட்டில் உட்கார்ந்து போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் படிக்கிறோம், போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. அது எழுதப்படுவதும் அப்படித்தான், கடைக்காரரைத் தண்டிக்க ஒரு நட்சத்திரம் அல்லது விமர்சனம் எழுதுகிறவர்களுக்குக் கூகுள் தரும் லோக்கல் கைடு புள்ளிக்காக ஐந்து நட்சத்திரம். ஒரு விமர்சனத்துக்கு 10 புள்ளி, 200 எழுத்தைத் தாண்டினால் இன்னும் 10, படத்துக்கு 5 என்று கொடுத்தால் சனங்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் விமர்சனம் எழுதத்தானே செய்வார்கள். கல்வெட்டு மாதிரி அது, ஒருவர் வெட்டிவிட்டுப் போகிறார், அடுத்து வருகிறவர் அவருக்குப் பதில் சொல்ல முடியாது, கடை முதலாளி மட்டும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று கீழே ஒட்டலாம்.

ஸ்வார்மில் நண்பரின் செக்-இன்னுக்குக் கீழே பேச முடியும். "அங்கேயா இருக்கே, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்று போடும்படியான இடம் அது, வடிவமைப்பு சரிதான். போடுவதற்கு நண்பர்கள்தான் இல்லை. எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் லைவ் லொகேஷன் அனுப்பிக்கொள்கிறார்கள், அழகான இடமென்றால் இன்ஸ்டாகிராமில் இடப்பெயரோடு ஒரு ரீல். இந்த இன்ஸ்டாகிராமே ஆரம்ப வருடங்களில் இடப்பெயர்களுக்கு ஃபோர்ஸ்கொயர் பட்டியலைத்தான் நம்பியிருந்தது!

அந்தப் பட்டியல்தான் விஷயம். நாம் விளையாட்டாகப் போட்ட செக்-இன்களிலிருந்து உலகத்துக் கடைகளின் விலாசப் புத்தகம் ஒன்று உருவாகிவிட்டது, கம்பெனிக்கு வருமானமும் அங்கேயே. 2016-ல் சிபோட்லே என்ற அமெரிக்க உணவகத் தொடரின் விற்பனை முதல் காலாண்டில் ஏறத்தாழ 30 சதவீதம் விழும் என்று, கடைக்குள் வந்துபோன ஆட்களின் கணக்கை வைத்தே ஃபோர்ஸ்கொயர் முன்கூட்டிச் சொன்னது, அப்படியே நடந்தது. 2024 நவம்பரில் 10 கோடிக்கும் மேற்பட்ட இடங்களின் தகவலைத் திறந்த உரிமத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வெளியிட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமே சிட்டி கைடை மூடினார்கள் பாருங்கள், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் பிழைத்துக்கொண்டது, அந்த இடத்தைப் பற்றி சனங்கள் எழுதிய டிப்ஸுக்கு இருந்த வீடு போய்விட்டது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பாதுகாப்பு பற்றியும் கொஞ்சம். 2010-லேயே ப்ளீஸ் ராப் மீ என்று ஒரு தளம், ட்விட்டரில் வந்து விழும் செக்-இன்களை எடுத்து "இவர் வீட்டில் இல்லை" என்று வரிசையாகக் காட்டிப் பயமுறுத்தியது. அந்தப் பயம் நியாயமானது. ஸ்வார்மில் யாருக்கும் தெரியாமல் போடும் வசதி இருக்கிறது, பூட்டுப் படத்தைத் தொட்டால் போதும், வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி இதற்கெல்லாம் அதையே பயன்படுத்துங்கள், அல்லது போடாமலே விடுங்கள். பின்னணியில் எப்போதும் இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டால் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று கொடுத்தாலே செக்-இன் போட முடியும், பேட்டரிக்கும் நல்லது.

ஆக, யாருக்கு இது? ஊர் சுற்றுகிறவர்கள், சாப்பிட்ட கடையை எல்லாம் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவர்கள் தாராளமாக இறக்கலாம், ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். உள்ளூரில் யார் இருக்கிறார்கள், எந்தக் கடையில் இன்றைக்கு என்ன நன்றாக இருக்கிறது என்று பேச ஆள் தேடுகிறவர்கள் நாலைந்து நண்பர்களைக் கையோடு இழுத்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றரை. அப்புறம், உங்கள் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள அமைப்புகளுக்குள் வழி இருக்கிறது, சிட்டி கைடு போன வேகத்தைப் பார்த்தால் அதை அவ்வப்போது எடுத்து உங்கள் கணினியில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.