ஓட்டம் ஒன்று, வழக்கு இரண்டு: கலிஃபோர்னியாவா, டெக்சாஸா?

ராத்திரி பதினொன்றரை. பின்கண்ணாடி முழுக்கச் சிவப்பும் நீலமும் சுழல்கிறது. ஓரம்கட்டலாம் என்றால் ஒரே இருட்டு. அடுத்த எக்ஸிட்டில் கேஸ் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒன்றரை மைல் ஓட்டிவிடுகிறீர்கள். போலீஸ்காரர் இதை ‘தப்பி ஓடினார்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? கார் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஓடியதா, டெக்சாஸில் டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் ஓடியதா என்பதைப் பொறுத்தது.

நம்மூரில் போலீஸ் எதிரே நின்று கை காட்டும். ஹெல்மெட் போடாதவர் சந்து பார்த்து வண்டியைத் திருப்புவார். மோட்டார் வாகனச் சட்டம் 179-ஆம் பிரிவில் உத்தரவை மீறியதற்கு அபராதம் 2,000 ரூபாய் வரை. தாறுமாறாக ஓட்டினாலோ யார் மேலாவது மோதினாலோ கதை வேறு. ஆனால் நிற்காமல் போனதை மட்டும் பெரிய குற்றமாக நினைக்காத மனசோடுதான் நாம் விமானம் ஏறுகிறோம். அமெரிக்காவில் அந்தக் கணக்கு செல்லாது.

கலிஃபோர்னியாவில் இதற்கு வாகனச் சட்டம் 2800.1. தப்பிக்கும் நோக்கத்தோடு ஓடியதை மட்டும் அரசுத் தரப்பு நிரூபித்தால் போதாது. போலீஸ் வண்டியின் முன்பக்கம் குறைந்தது ஒரு சிவப்பு விளக்காவது எரிந்திருக்க வேண்டும், அதை ஓட்டுநர் பார்த்திருக்க வேண்டும் அல்லது பார்த்திருக்கக்கூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும். தேவையான அளவு சைரன் ஒலித்திருக்க வேண்டும். வண்டி போலீஸ் வண்டி என்று தெரியும்படி இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சீருடையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இந்தப் பிரிவு நிற்காது. விளக்கும் சைரனும் மட்டும் வைத்த மஃப்டி கார் போதாது, போலீஸ் வண்டி என்று காட்டும் வேறு அடையாளம் ஒன்றாவது வெளியே தெரிய வேண்டும் என்று 2006-இல் ஹட்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டெக்சாஸ் இந்தச் சாமான் பட்டியலுக்குள் போவதே இல்லை. தண்டனைச் சட்டம் 38.04 கேட்பது இரண்டுதான்: உங்களைச் சட்டப்படி நிறுத்தவோ கைது செய்யவோ வருபவர் போலீஸ் என்று தெரியுமா, தெரிந்தும் வேண்டுமென்றே ஓடினீர்களா? எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதெல்லாம் சாட்சியம் மட்டுமே. மெதுவாக ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான் என்று அங்கத்து மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

தண்டனையிலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கலிஃபோர்னியாவின் 2800.1 மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். அதிகபட்சம் கவுன்ட்டி சிறையில் ஒரு வருடம். டெக்சாஸில் காரில் ஓடினாலே மூன்றாம் நிலை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்: 2 முதல் 10 வருடம், 10,000 டாலர் வரை அபராதம். ஓட்டத்தில் உயிர் போனால் 20 வருடம் வரை. காரையே ‘கொலைக்கருவி’ என்று நீதிமன்றம் பதிவு செய்துவிட்டால், பாதித் தண்டனையைக் கழிக்காமல் பரோல் பேச்சே கிடையாது.

இதைப் படித்துவிட்டு கலிஃபோர்னியாக்காரர் காலை நீட்டி உட்கார வேண்டாம். பிறர் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட்டினால் 2800.2 வரும். அது ஃபெலனியாகவும் போகலாம், மூன்று வருடம் வரை சிறை. அந்த ‘கவலைப்படாமல்’ என்பதற்குச் சட்டமே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: ஓட்டத்தின்போது லைசென்ஸில் பாயின்ட் (தண்டப் புள்ளி) ஏறும் மீறல்கள் மூன்று சேர்ந்தால் போதும். ஒரு ஸ்டாப் சைன், ஒரு சிவப்பு சிக்னல், கொஞ்சம் அதிக வேகம்; பதறிப்போய் ஓட்டுகிறவர் இரண்டே பிளாக்கில் இதை முடித்துவிடுவார். யாராவது இறந்தால் 2800.3, பத்து வருடம் வரை.

அப்படியானால் எந்த வாதம் எங்கே எடுபடும்? ‘போலீஸ் என்று தெரியவில்லை’ இரண்டு இடத்திலும் பேசலாம். கலிஃபோர்னியாவில் அதற்குப் பிடிமானம் அதிகம். வக்கீல் விளக்கு, சைரன், வண்டியின் நிறம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பார். டெக்சாஸில் நல்ல ஆயுதம் வேறு. 38.04-இல் ‘சட்டப்படி’ என்ற சொல் இருக்கிறதே, அதுதான். நிறுத்துவதற்கே நியாயமான காரணம் இல்லையென்றால் குற்றச்சாட்டின் ஒரு கால் ஒடிந்துவிடும்.

‘வெளிச்சமான இடம் தேடினேன்’ என்ற வாதத்துக்கு இரண்டு ஊரிலும் உயிர் கொடுப்பது உங்கள் நடத்தை. ஹசார்ட் லைட்டைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, 911-ஐக் கூப்பிட்டு ‘பின்னால் வருவது உங்கள் வண்டிதானா, கேஸ் ஸ்டேஷனில் நிறுத்துகிறேன்’ என்று சொன்னவருக்கு அந்த அழைப்பின் பதிவே சாட்சி. அதே வேகத்தில் பேசாமல் போனவருக்குச் சாட்சி யாருமில்லை.

இன்னொன்று. நிறுத்திய பிறகு நம் ஆள் கண்ணாடியை இறக்கி, ‘ஸாரி ஆபீஸர், உங்களைப் பார்த்தேன், பயத்தில் நிறுத்தவில்லை’ என்பார். பணிவாகப் பேசினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. டெக்சாஸில் நிரூபிக்க வேண்டிய இரண்டையும் ஒரே மூச்சில், பாடி கேமரா முன்னால், அவரே சொல்லி முடித்துவிட்டார்.

பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போகாமல், அரசு வழக்கறிஞரோடு பேசி முடிக்கும் பேரத்தில் முடிகின்றன. அந்தப் பேரத்தைத்தான் விசாவில் இருப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். டெக்சாஸ் வக்கீல் முதலில் குற்றச்சாட்டைப் போக்குவரத்துச் சட்டம் 545.421-க்கு இறக்கப் பார்ப்பார்: கிளாஸ் பி மிஸ்டிமீனர், 180 நாள் வரை, பிறருக்கு ஆபத்து உண்டாக்கியிருந்தால் கிளாஸ் ஏ, ஒரு வருடம் வரை. அது கிடைக்காவிட்டால் ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’: குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், நன்னடத்தைக் காலத்தை முடித்தால் தண்டனைத் தீர்ப்பு இல்லை. கேட்க இனிக்கும். ஆனால் மாநிலம் தீர்ப்பில்லை என்றாலும், ஒப்புதலும் ஏதாவது கட்டுப்பாடும் இருந்தால் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். கலிஃபோர்னியாவில் 2021 முதல் மிஸ்டிமீனர்களுக்கு நீதிபதியே ‘டைவர்ஷன்’ (வழக்கை நிறுத்திவைத்து, நிபந்தனைகளை முடித்தால் தள்ளுபடி செய்வது) தரலாம், அரசு வழக்கறிஞர் மறுத்தாலும் கூட. அதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பெயரளவில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு இரண்டாவதுதான் உண்மையான சலுகை.

2800.2 தன்னளவில் ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ (குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்தலுக்கு வழிவிடக்கூடிய ஒரு வகை) ஆகாது என்று 2017-இல் மேற்கு மாநிலங்களுக்கான கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாவது சர்க்யூட் சொன்னதும் மேற்கு மாநிலங்களுக்குக் கிடைத்த ஆறுதல். டெக்சாஸ் ஐந்தாவது சர்க்யூட்டில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது.

என்னைக் கேட்டால் சட்டம், பேரம் இரண்டிலும் கலிஃபோர்னியா பக்கமே தராசு சாயும். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் அபாயம் உண்டா என்று தன் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. வக்கீல் தானாகச் சொல்லாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் நீங்களே கேளுங்கள்; பதிலை ஈமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.